விறகைப் பேணும் முறை



விறகைப் பற்றி ஒரு பேச்சா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அடுப்பு மூட்டத் தெரியாத பெண் தோட்டத்தில் உண்டா என்றும் கேட்கலாம். உண்மைதான். அடுப்பு மூட்டுவதைப் பற்றி நாங்கள் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வரவில்லை. அடுப்பு மூட்டுவதற்கு மூன்று மாதம் முன்னதாக நடக்க வேண்டிய வேலையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம். அந்த வேலை சரியாக நடந்திருந்தால் அடுப்படியில் ஊதுகுழலுக்கே அவ்வளவாக வேலை இராது.

இன்று பெரும்பாலான வீடுகளில் எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. ஆனாலும் விறகு நம்மை விட்டு முழுக்கப் போய்விடவில்லை. பொங்கல் பானைக்கு விறகு வேண்டும். கோயில் திருவிழாவில் ஆயிரம் பேருக்குச் சோறு வடிக்க வேண்டும் என்றால் பெரிய கிடாரத்தின் அடியில் கட்டைதான் எரிகிறது. பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் காய்ச்ச, வீட்டுப் பெரியவர்கள் இன்னமும் கொல்லைப்புறத்துக் கல் அடுப்பைத்தான் நாடுகிறார்கள். மாதக் கடைசியில் எரிவாயு தீர்ந்து, கையில் காசும் தீர்ந்த வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆகவே இந்தப் பேச்சுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

முதலில் ஒரு சிறு கணக்குப் போடுவோம். இன்று காலை வெட்டிய ரப்பர் கட்டை பத்துக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறக்குறைய நாலு கிலோ வெறும் தண்ணீர். நாம் தோளில் சுமந்து வருவதில் ஐந்தில் இரண்டு பங்கு தண்ணீரைத்தான் சுமந்து வருகிறோம். அதை அடுப்பில் வைத்தால், அந்த நாலு லிட்டர் நீரும் ஆவியாகிப் போக வேண்டும். அதற்குச் செலவாகும் வெப்பம் கட்டை தரக்கூடிய வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். பத்தில் ஒரு பங்குதானே, போனால் போகட்டும் என்று தோன்றும். பெரிய நட்டம் அங்கே இல்லை, வேறோர் இடத்தில் இருக்கிறது. தண்ணீர் கொதித்து வெளியேறும் வரை கட்டை நன்றாகச் சூடேறாது. சூடேறாத கட்டையிலிருந்து கிளம்பும் ஆவிகள் தீப்பிடிக்காமல் அப்படியே புகையாக வெளியேறிவிடும். புகை என்பது எரியாமல் வீணாய்ப் போன விறகு என்பதை நாம் மனத்தில் வைக்க வேண்டும். கண்ணில் நீர் வழிய ஊதிக்கொண்டிருக்கும் தாயின் முகத்துக்கு நேராகப் போவது, அவள் சுமந்து வந்த விறகில் ஒரு பகுதியேதான்.

இனி நமது பினாங்கு மாநிலத்தின் காற்றைப் பார்ப்போம். கடல் சூழ்ந்த தீவும், அதற்கு எதிரே செபராங் பிறையும் எப்பொழுதும் ஈரக் காற்றிலேயே இருக்கின்றன. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஜார்ஜ் டவுன் கடைத்தெருவில் ஒரு தோல் செருப்பை இரண்டு மாதம் அலமாரியில் வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தால் பச்சையாகப் பூசணம் பூத்திருக்கும். செருப்புக்கே இந்தக் கதி என்றால் மாவும் சர்க்கரையும் நிறைந்த ரப்பர் கட்டையின் கதி என்ன ஆகும்?

மாவு, சர்க்கரை என்று சொன்னோம். இதைச் சற்று விளக்க வேண்டும். காட்டு மரங்கள் பலவற்றின் நடுவில் கருமையான வைரம் இருக்கும். அதைப் பூச்சியும் பூசணமும் எளிதில் தொடுவதில்லை. ரப்பர் மரத்தில் அப்படிப்பட்ட வைரம் இல்லை. வெட்டிப் பார்த்தால் தோல் முதல் நடு வரை வெளிறிய கட்டைதான். அந்தக் கட்டை முழுவதும் மரம் தனக்கென்று சேர்த்து வைத்த மாவுச்சத்து. மரத்துக்கு அது உணவு. மரம் விழுந்த பிறகு பூசணத்துக்கும் உளுப்பு வண்டுக்கும் அதுவே விருந்தாகிவிடுகிறது. வெட்டிய ஓரிரு நாளிலேயே கட்டையின் வெட்டுமுகத்தில் நீலமும் கருப்புமாகக் கறை ஏறத் தொடங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பலர் அதை அழுக்கு என்று நினைக்கிறார்கள். அது ஒரு வகைப் பூசணம். இதனால்தான் ரப்பர் மரத்தை நெடுங்காலம் யாரும் பலகைக்கு மதிக்கவில்லை. அடுப்புக்கும் புகைக்கூடத்துக்கும் மட்டுமே அது போயிற்று. வெட்டியவுடன் மருந்து ஏற்றிச் சூட்டறையில் காயவைக்கும் முறை பரவிய பிறகுதான், 1980-களில் மலேசிய ரப்பர் பலகையில் செய்த மேசை நாற்காலிகள் வெளிநாடுகளுக்குப் பெருமளவில் கப்பல் ஏறின. ஒரே மரம்தான். முறையாகக் காயவைத்ததால் வந்த மதிப்பு அது.

இந்தப் பாடம் நமது பெற்றோருக்கும் பாட்டன்மாருக்கும் புதியதன்று. தோட்டத்து ஆலையில் பாலை உறையவைத்து, உருளையில் அழுத்திச் சீட்டாக்கி, புகைக்கூடத்தில் நாட்கணக்கில் தொங்கவிட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் கூடங்கள் இன்று அருகிவிட்டன. அங்கே வேலை செய்த பெரியவர்களைக் கேளுங்கள். சரியாகக் காயாத சீட்டை அடுக்கி வைத்தால் என்ன ஆகும் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். பூசணம் பிடிக்கும், தரம் குறையும், விலை இறங்கும். ஆகவே ஒவ்வொரு சீட்டுக்கும் நடுவில் காற்றும் சூடும் போக இடம் விட்டு மூங்கில் கழியில் தொங்கவிட்டார்கள். துரைமாரின் சீட்டுக்கு அவ்வளவு கவனம் செலுத்திய நாம், நமது சொந்த அடுப்பு விறகை மட்டும் வாசலில் குவியலாகக் கொட்டி வைப்பது என்ன நியாயம்?

விறகைக் காயவைக்கும் வேலை கத்தியிலும் கோடரியிலும் தொடங்குகிறது. மரத்தினுள் இருக்கும் ஈரம் குறுக்கே போவதைக் காட்டிலும் நீளவாக்கில் பல மடங்கு விரைவாக வெளியேறும். வேரிலிருந்து இலைக்கு நீர் ஏறிய வழியும் அதுதானே. ஆகவே கட்டையைக் குட்டையாக நறுக்கினால் ஈரம் இரு முனைகளின் வழியாகவும் விரைந்து போய்விடும். ஒரு முழ நீளம் போதும், அடுப்புக்கும் அதுவே பொருத்தம். அடுத்ததாகப் பிளக்க வேண்டும். உருண்டைக் கட்டையைத் தோல் போர்த்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தோல் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். பிளந்துவிட்டால் உள்கட்டை காற்றுக்குத் தெரியும். மணிக்கட்டுப் பருமன் இருந்தால் நல்லது. காலை ஐந்தரை மணிப் பிரட்டுக்கு ஓட வேண்டிய தாய், முழங்கால் பருமன் கட்டையோடு மல்லுக்கட்ட முடியாது.

தோலை உரிக்க முடிந்தால் இன்னும் நல்லது. நிபோங் திபாலைத் தாண்டித் தெற்கே போனால், பேராக் மாநிலத்தில் தைப்பிங்குக்கு அருகே கோலா செப்பெத்தாங் என்ற ஊர் இருக்கிறது. மாத்தாங் சதுப்புக் காட்டுப் பக்காவ் மரத்தை அங்கே பெரிய செங்கல் சூளைகளில் சுட்டுக் கரியாக்குகிறார்கள். ஒரு சூளையில் சுமார் 40 டன் பச்சைக் கட்டை ஏற்றினால் ஏறக்குறைய 10 டன் கரிதான் கிடைக்கும். அந்தக் கட்டைகளைச் சூளைக்குள் நிறுத்துவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகத் தட்டித் தோலை உரித்துவிடுகிறார்கள். கூலி கொடுத்து அந்த வேலையைச் செய்கிறார்கள் என்றால் அதில் பயன் இல்லாமலா? நமக்கு அவ்வளவு பாடு தேவையில்லை. பிளந்து அடுக்கிய கட்டையில் சில வாரம் சென்றதும் தோல் தானே விட்டுக்கொள்ளும். அப்பொழுது பிள்ளைகள்கூடக் கையால் உரித்துவிடலாம்.

கோடரி வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். பல வீடுகளில் விறகு சுமப்பதும் பிளப்பதும் பெண்களின் தலையிலேயே விழுகிறது. வெயிலில் வேலை செய்துவிட்டு வந்த பெண், சமைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, பிறகு கோடரியையும் தூக்குகிறாள். ஆண்கள் திண்ணையில் அமர்ந்து பத்திரிகை படிக்கிறார்கள். பத்திரிகை படிப்பது நல்ல பழக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் கோடரி பிடித்துவிட்டுப் படித்தால் அது இன்னும் நன்றாகப் புரியும்.

அடுக்கும் முறைக்கு வருவோம். விறகை எக்காரணம் கொண்டும் மண்ணின்மேல் வைக்கலாகாது. மண்ணிலிருந்து ஈரம் ஏறும். கரையானும் ஏறும். இரண்டு வரிசைச் செங்கல் அடுக்கி, அவற்றின்மேல் நீளவாக்கில் இரண்டு கழிகளைக் கிடத்தி, அதன்மேல் விறகை அடுக்க வேண்டும். தரையிலிருந்து ஒரு அடி உயரம் இருந்தால் அடியில் காற்று போகும், விளக்குமாறும் போகும். வெள்ளம் வரும் இடங்களில் இன்னும் உயர்த்த வேண்டும். 2017-ஆம் ஆண்டு நவம்பர் 4, 5-ஆம் தேதிகளில் பினாங்கைப் புரட்டிப்போட்ட புயல் மழையை யாரும் மறந்திருக்க முடியாது. தாழ்வான இடங்களில் விறகு மட்டுமா மிதந்தது, வீட்டுச் சாமான்களே மிதந்தன.

வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். குறைந்தது ஒரு முழ இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் காற்று ஓடும். கரையான் விறகின் வழியாகப் பலகைச் சுவருக்குத் தாவாமலும் இருக்கும். பழைய லயத்து வீடுகளில் பலகைச் சுவரை ஒட்டிக் காய்ந்த விறகைக் குவிப்பது, தீப்பெட்டிக்குப் பக்கத்தில் பஞ்சை வைப்பதைப் போன்றது. ஒரு வீட்டில் பற்றினால் வரிசை முழுவதும் போய்விடும்.

அடுக்கும்போது கட்டைகளை நெருக்கி இறுக்க வேண்டாம். எலி நுழைய முடியாது, ஆனால் காற்று நுழையலாம் என்ற அளவுக்கு இடம் விட்டால் சரி. அடுக்கின் இரு முனைகளிலும் ஒரு வரிசை நெடுக்காகவும் அடுத்த வரிசை குறுக்காகவும் வைத்தால் அடுக்கு சரியாமல் நிற்கும். இடுப்பளவுக்கு மேல் உயர்த்தாதீர்கள். சிறு பிள்ளைகள் ஏறி விளையாடும் இடத்தில் சரியும் விறகு காலை ஒடித்துவிடும். மேல்வரிசைக் கட்டைகளைத் தோல்பக்கம் மேலே பார்க்கும்படி வைத்தால், தெறிக்கும் சாரல் ஓட்டின்மேல் விழுந்ததைப் போல வழிந்துவிடும்.

இனிக் கூரை. இங்கேதான் பலரும் ஒரு காரியம் செய்கிறார்கள். மழை வருகிறது என்றதும் பெரிய பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை எடுத்துத் தலை முதல் கால் வரை விறகைப் போர்த்திக் கல் வைத்துவிடுகிறார்கள். பார்ப்பதற்குப் பாதுகாப்பாகத்தான் தோன்றும். மறுநாள் வெயில் ஏறியதும் என்ன நடக்கிறது? கட்டையிலிருந்து ஆவியாகும் நீர் வெளியே போக வழியில்லாமல் விரிப்பின் அடியில் முத்து முத்தாகப் படிந்து மறுபடியும் கட்டையின்மேலேயே சொட்டுகிறது. வெதுவெதுப்பும் ஈரமும் இருட்டும் சேர்ந்தால் பூசணத்துக்கு அதைவிட நல்ல தொட்டில் கிடையாது. விரிப்பின் மடிப்புகளில் தேங்கும் மழைநீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பது வேறு. டெங்கிக் காய்ச்சல் நமது நாட்டில் எத்தனை வீடுகளை ஆட்டிப் படைக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

தலைக்குத்தான் குடை வேண்டும், உடம்புக்குப் போர்வை வேண்டாம். பழைய தகரம் இரண்டு போதும். நாலு கம்பு நட்டு, ஒரு பக்கம் சரிவாகத் தகரத்தைப் போட்டு, விளிம்பு அடுக்கைத் தாண்டி இரண்டு அடியாவது வெளியே நீளும்படி கட்டிவிட்டால் விறகுக் கொட்டகை ஆயிற்று. பக்கங்களைத் திறந்தே விடுங்கள். ஒரே ஒரு பக்கத்தை மட்டும் அடைக்க வேண்டும் என்றால் மேற்குப் பக்கத்தை அடையுங்கள். ஏன் மேற்கு? ஏப்ரல் முதல் நவம்பர் வரை சில நாட்களில் விடிவதற்கு முன்பு கடலுக்கு அப்பாலிருந்து திடீரென்று ஒரு காற்று கிளம்பி, கூரையைத் தட்டி, மழையைச் சாய்த்து அடிக்கிறதே, அதைச் சுமத்ரா காற்று என்கிறோம். அது மேற்கிலிருந்துதான் வரும். அந்தப் பக்கத்தில் பழைய அத்தாப்புக் கீற்றையோ தென்னங்கீற்றையோ தட்டியாகக் கட்டினால் சாரல் உள்ளே வராது, காற்றும் நின்றுவிடாது.

எப்பொழுது வெட்டுவது என்பதும் ஒரு கணக்குத்தான். நமது மாநிலத்தில் ஜனவரியும் பிப்ரவரியும் மழை குறைந்த மாதங்கள். வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையை நனைக்கும் அந்த நேரத்தில் நடுமலைத்தொடர் நம்மை மறைத்துக்கொள்கிறது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை நமக்கு அடைமழை. மணிக்கட்டுப் பருமனில் பிளந்த ரப்பர் விறகு, காற்றோட்டமான கொட்டகையில் காய இரண்டு, மூன்று மாதம் ஆகும். ஆகவே பொங்கல் கழிந்ததும் பிளந்து அடுக்கிய விறகு ஏப்ரல் மழைக்கு முன் தயாராகிவிடும். அடுத்த பொங்கலுக்கு விறகு வேண்டும் என்றால் மார்கழியில் தேடி ஓடக் கூடாது. ஆகஸ்டு மாதத்துக்குள் பிளந்து கூரையின் கீழ் சேர்த்துவிட வேண்டும். பொங்கல் காலையில் பானைக்கு அடியில் புகை மண்டி, எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு பொங்கலோ பொங்கல் என்று கூவுவதற்குக் காரணம், டிசம்பரில் வெட்டிய பச்சை விறகேயன்றி வேறில்லை.

மறுநடவுக்காக நிர்வாகம் மரங்களைச் சாய்க்கும் காலத்தில்தான் தோட்டத்தில் விறகு மலிந்து கிடக்கும். ரப்பர் மரம் ஏறத்தாழ 25, 30 ஆண்டுக்கு ஒரு முறைதான் சாய்க்கப்படுகிறது. அதிலும் செபராங் பிறையில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிவிட்டன. ஆகவே கிடைக்கும்போது அனுமதி பெற்றுச் சேர்த்து வைப்பது அறிவுடைமை. ஆனால் ஒரு வரம்பு உண்டு. ரப்பர் கட்டையை ஆண்டுக்கணக்கில் வைக்க முடியாது. காய்ந்த பிறகு உளுப்பு வண்டு வரும். கட்டையில் ஊசி முனை அளவு துளைகளும், அடியில் கோதுமை மாவு போன்ற தூளும் தெரிந்தால் அது வந்துவிட்டது என்று பொருள். அந்த விறகை முதலில் எரித்துத் தீர்த்துவிடுங்கள். வீட்டு மேசை நாற்காலிக்கு அருகில் கொண்டு போகாதீர்கள். எப்பொழுதும் பழைய அடுக்கு ஒரு பக்கம், புதிய அடுக்கு ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தால் எதை முன்னால் எடுப்பது என்ற குழப்பம் வராது.

பூசணம் பிடித்த விறகை என்ன செய்வது என்று கேட்கலாம். மேலோட்டமாகப் பூத்திருந்தால் வீட்டுக்கு வெளியே வைத்து, காற்றடிக்கும் பக்கம் முதுகைக் காட்டி நின்று, பழைய துடைப்பத்தால் தட்டிவிட்டு, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் போடலாம். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். வெள்ளையாகப் பறக்கும் அந்தத் தூள் பூசணத்தின் வித்து. இழுப்பு நோய் உள்ளவர்களுக்கு அது மூச்சு முட்டலை வரவழைக்கும். அத்தகைய பிள்ளைகளை விறகு எடுத்துவர அனுப்பாதீர்கள். கையால் அழுத்தினால் நார்நாராய் உதிரும் கட்டையில் வெப்பம் மிகக் குறைவு. அதை அடுப்புக்குக் கொண்டு வராமல் மட்கவிட்டு வாழைக்குக் குழியில் போட்டுவிடலாம்.

புகையைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். பள்ளிக்கூடத்தில் காலை வணக்கம் முடிந்து பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்ததும், எந்தப் பிள்ளையின் வீட்டில் ஈர விறகு எரிகிறது என்று எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குத் தெரிந்துவிடும். தலைமயிரிலும் சட்டையிலும் புகை மணக்கும். பெரும்பாலும் இருமலும் அந்தப் பிள்ளைகளிடம்தான் ஓயாமல் கேட்கும். பெரியவர்களாவது எழுந்து வாசலுக்குப் போவார்கள். தாயின் இடுப்பில் இருக்கும் கைக்குழந்தை எங்கே போகும்? வீட்டுக்குள் அடுப்புப் புகையால் மாசுபட்ட காற்று 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 32 இலட்சம் பேரின் சாவுக்குக் காரணமாயிற்று என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் 2,37,000 பேருக்கு மேல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். காய்ந்த விறகிலும் புகை உண்டு. அதை முழுக்க ஒழிக்க முடியாது. ஆனால் குறைக்க முடியும். அடுப்படியில் எதிரெதிராக இரண்டு திறப்புகள் இருக்கட்டும். மழைக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டு விறகோ கரியோ எரிப்பது உயிருக்கே ஆபத்து. நிறமும் மணமும் இல்லாத ஒரு நச்சுவாயு அறையில் நிறைந்து, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டு போய்விடும்.

அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகு காயவைப்பது நமது பாட்டிமார் வழக்கம். அந்தச் சூட்டில் விறகு நன்றாகவே காயும், பூசணமும் அண்டாது. ஆனால் அங்கேயே குவித்து வைத்தால் ஒரு பொறி போதும். நாளைக்கு வேண்டிய ஒரு கட்டு விறகு மட்டும், தீ நாக்கு எட்டாத தொலைவில் அடுப்படியில் இருந்தால் போதும்.

தீ பிடிக்கவில்லை என்பதற்காகச் சிலர் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். சிலர் பழைய டயர்த் துண்டும் ஒட்டுப்பாலும் பிளாஸ்டிக் பையும் போடுகிறார்கள். கரும்புகை பாத்திரத்தில் மட்டும் படிவதில்லை, நெஞ்சுக்குள்ளும் படிகிறது. காய்ந்த தென்னம்பாளை, கொட்டாங்குச்சி, ரப்பர்க் கொட்டை ஓடு இவற்றை ஒரு கித்தான் பையில் சேர்த்து வையுங்கள். காசில்லாமல் கிடைக்கும் நல்ல தீமூட்டி அவை. பலகைத் தொழிற்சாலையில் வெட்டி எறியும் துண்டுகள் காய்ந்திருக்கின்றனவே என்று அள்ளி வருவோரும் உண்டு. மருந்து ஏற்றியது, சாயம் பூசியது, பசையால் ஒட்டியது எதுவானாலும் சமையல் அடுப்புக்கு ஆகாது.

விறகு அடுக்கில் கையை விடுவதற்கு முன் ஒரு கழியால் தட்டுங்கள். பூரானும் தேளும் அங்கே குடியிருக்கும். எலி இருந்தால் எலியைத் தேடி நாகமும் வரும். எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சல், மலாய்க்காரர்கள் கென்சிங் திக்குஸ் என்று சொல்கிறார்களே, அது கையிலோ காலிலோ உள்ள சிறு வெட்டுக்காயத்தின் வழியாகவும் உடம்பில் ஏறும். ஆகவே வெறுங்காலோடு போகாதீர்கள். விறகு எடுத்த கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவாமல் அரிசியில் வைக்காதீர்கள். அடுக்கின் அடியைக் கூட்டித் துப்புரவாக வைத்தால், செங்கலின்மேல் கரையான் மண் பாதை கட்டியிருந்தாலும் உடனே கண்ணில் படும்.

விறகு காய்ந்துவிட்டதா என்று எப்படி அறிவது? வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வெடிப்பு ஓடியிருக்கும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் பச்சை விறகு தொப்பென்று ஓசை தரும், காய்ந்த விறகு டக்கென்று கணீர் ஓசை தரும். இவற்றைவிட நிச்சயமான வழி தராசு. புதிதாக அடுக்கும்போது நடுவிலிருந்து ஒரு கட்டையை எடுத்துச் சுண்ணக்கட்டியால் அடையாளம் போட்டு நிறுத்து, எடையை எழுதி வையுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் அந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் போதும். வாரந்தோறும் சனிக்கிழமை அதே கட்டையை நிறுத்துத் தேதியோடு எழுதிவரட்டும். முதல் வாரங்களில் எடை மளமளவென்று இறங்கும். பிறகு மெதுவாக இறங்கும். தொடர்ந்து மூன்று சனிக்கிழமை ஒரே எடை காட்டினால், இந்த ஊர்க் காற்றில் அந்தக் கட்டை அதற்கு மேல் காயாது. அன்றைக்கு அந்த அடுக்கிலிருந்து விறகு எடுக்கத் தொடங்கலாம்.